அம்மாவுக்கு மார்பக ஆபரேஷன்: பயத்துக்குப் பாட்டு உதவுமா? எந்த ராகம்?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். முதல் தடவையா எழுதுறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு 61 வயசு. இடது மார்பில் கட்டி. கீமோவில நல்லா சுருங்கியிருக்கு. வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழன் ஆபரேஷன். மார்பை முழுசா எடுக்கணும், அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டியையும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அனஸ்தீஸியா ஃபிட்னஸ் வாங்கியாச்சு. எக்கோ, ரத்தம், சர்க்கரை எல்லாம் சரியா இருக்கு.

அம்மாவுக்குத் தூக்கம்தான் இல்ல. முடி கொட்டினப்பகூட "வளரும் விடு"ன்னு சொன்னவங்க, இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி, "மயக்க ஊசி போட்டா திரும்ப முழிப்பேனாடி"ன்னு கேக்குறாங்க. கட்டிக்குப் பயமில்லயாம், அந்த ரூமுக்குத்தான் பயமாம். பயாப்ஸி எடுத்த அன்னைக்கு ஒரு மருத்துவமனையில தியேட்டருக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் தனியா படுக்க வெச்சிருந்தாங்க. போறவங்க வர்றவங்க யாரும் ஒரு வார்த்தை பேசல. அன்னைக்குப் பிடிச்ச பயம் இது.

மாமா குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் போட்டார். ரத்தக் கொதிப்புக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒரு ராகம், புற்றுநோய்க்கு ஒரு ராகம்னு போகுது. அதை நம்பி எதையும் நிறுத்தப் போறதில்ல. ஆனா பாட்டு கேட்டா இந்தப் பயம் கொஞ்சம் தணியுமா? யாராவது முறையா ஆராய்ஞ்சிருக்காங்களா? எந்த ராகம் போடணும்? உள்ள விடுவாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ராத்திரி_ட்யூட்டி எழுதியது:

தங்கச்சி, 16 வருஷமா ஓ.டி.யில, அதாவது ஆபரேஷன் தியேட்டர்ல, ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். அம்மா பயப்படுறதுல அர்த்தம் இருக்கு.

அந்த ரூமை நாங்க ப்ரீ-ஆப்னு சொல்லுவோம். அங்க வர்றவங்க எப்படி வர்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி சாப்பாட்டோட சரி, காலையில வெறும் வயிறு. பச்சை கவுன், தலைக்குத் தொப்பி. கம்மல், வளையல், கொலுசு எல்லாம் கழட்டி உங்க கையில கொடுத்திருப்பாங்க. மூக்குத்தியையும் கழட்டச் சொல்லுவோம், ரத்தம் நிறுத்த டயதெர்மி மின்சாரம் பயன்படுத்துறதால உடம்புல உலோகம் இருந்தா அங்க சுட்டுட வாய்ப்பு இருக்கு. நாற்பது வருஷம் கழட்டாத மூக்குத்தியா இருந்தா முந்தின நாளே வீட்டில சோப்புத் தண்ணி போட்டு எடுத்துடுங்க. ட்ராலியில படுத்துக்கிட்டு அதைத் திருகுறப்பதான் முக்கால்வாசிப் பேர் உடைஞ்சு அழுறாங்க. கண்ணாடியையும் வாங்கிடுவோம். அப்புறம் எதிர்ல நிக்கிறது டாக்டரா ஆயாவான்னு மங்கலாத்தான் தெரியும்.

கண்ணு போச்சுன்னா எல்லாம் காதுதான். மானிட்டர் பீப் அடிக்கும். பக்கத்து ரூம்ல ட்ரேயில கத்தரி விழும். "அடுத்த மாஸ்டெக்டமி வந்தாச்சா"ன்னு நாங்க பேரில்லாம பேசுறதும் அவங்க காதுலதான் விழும். முந்தின கேஸ் இழுத்துட்டா ரெண்டு மணி நேரம்கூட இதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கணும். பாட்டு என்ன செய்யுதோ இல்லையோ, முதல்ல இந்தச் சத்தத்தை மூடும். அதுக்கே நான் ஆமாம்னு சொல்லுவேன்.

ஆராய்ச்சி பத்தி நம்ம கோவை டாக்டர் வந்து சொல்லட்டும்.

---

மயக்கவியல்_கோவை எழுதியது:

உங்கள் அம்மாவின் பயத்தை நாங்கள் மருத்துவக் காரணத்தோடுதான் பார்க்கிறோம். பயந்தவருக்கு அட்ரினலின் கூடுகிறது, நாடியும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, கை நரம்பு சுருங்குகிறது. கீமோ ஏறிய கையில் நரம்பு ஏற்கெனவே இறுகியிருக்கும். மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாயான வென்ஃப்ளானை ஏற்ற இரண்டு மூன்று முறை குத்த நேர்ந்தால் பயம் இன்னும் கூடும்.

முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். உங்கள் அம்மாவின் நிலைக்கு நெருக்கமான ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு வந்த 207 பெண்களை மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, அவரவர் கேட்ட பாட்டை இசைச் சிகிச்சையாளர் படுக்கை அருகிலேயே பாடினார். இரண்டாம் குழு, தாங்கள் கேட்ட பாட்டைப் பதிவாகக் கேட்டது. மூன்றாம் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பயத்தை 0 முதல் 100 வரையான கோட்டில் அவர்களையே குறிக்கச் சொன்னார்கள். நேரில் பாட்டு கேட்டவர்களுக்கு சராசரியாக 30.9 புள்ளி இறங்கியது, பதிவு கேட்டவர்களுக்கு 26.8. மூன்றாம் குழுவில் மாற்றம் பூஜ்யம். 2015-இல் புற்றுநோய் மருத்துவத்தின் முன்னணி இதழ் ஒன்றில் வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான டிஃபோரியா லேன் இசைச் சிகிச்சையாளர், தானே இரண்டு முறை மார்பகப் புற்றுநோயைக் கடந்தவர்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது, அதை மறைக்கக் கூடாது. மயக்கத்துக்குக் கொடுக்கும் புரொப்போஃபால் மருந்தின் அளவு குறையவில்லை. பாட்டு மருந்தை மிச்சப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. பயம் குறைந்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

எல்லா வகை அறுவைக்கும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2013-இல் 26 ஆய்வுகளை, 2051 பேரைத் தொகுத்தது. பயத்தை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, மதிப்பெண் 20 முதல் 80 வரை. பாட்டு கேட்டவர்களுக்கு அதில் கூடுதலாக 5.72 குறைந்தது. புற்றுநோயாளிகளை மட்டும் எடுத்த 2021 தொகுப்பில் 81 ஆய்வுகள், 5576 பேர். அதே தாளில் பெரியவர்களுக்கு 7.73 குறைந்திருந்தது.

இது ஒன்றும் புது யோசனை அல்ல. 1914-லேயே பென்சில்வேனியாவில் ஈவன் கேன் என்ற அறுவை மருத்துவர் தியேட்டருக்குள் கிராமபோன் வைத்து, நோயாளியின் பயம் தணிகிறது என்று மருத்துவ இதழுக்கு எழுதினார். (1921-இல் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தவரும் இவரே.)

"திரும்ப முழிப்பேனா" என்ற கேள்விக்குப் பாட்டு பதில் சொல்லாது. அதற்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். மயக்க மருத்துவரை ஒரு பத்து நிமிடம் அம்மாவோடு உட்கார்ந்து பேசச் சொல்லிக் கேளுங்கள். மருந்து கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே போவதில்லை, முடியும்வரை தலைமாட்டில்தான் இருப்போம், ஒவ்வொரு மூச்சும் திரையில் தெரியும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்ததும் முகம் மாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

வீணை_டீச்சர் எழுதியது:

அம்மா நல்லபடியாக வீடு திரும்பப் பிரார்த்திக்கிறேன்.

ராகம் எது என்று கேட்டீர்கள். நம் முன்னோர் தாலாட்டுக்கு நீலாம்பரியைத் தேர்ந்தெடுத்தது வீண் அல்ல. அந்த ஸ்வரங்கள் குதிக்காமல், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து போகும். ஆனந்தபைரவியும் அப்படித்தான். அறுவைக்குப் பிறகு ஆனந்தபைரவி கேட்டவர்களுக்கு வலி மருந்தின் தேவை பாதியாகக் குறைந்ததாக 2014-இல் இந்திய அறுவைச் சிகிச்சை இதழில் ஒரு ஆய்வு வந்தது. 60 நோயாளிகள். குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையம் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான்.

வாத்திய இசையாக, வார்த்தை இல்லாமல், மெதுவான விளம்ப காலத்தில் போடுங்கள். மிருதங்கம் இல்லாமல் தம்பூராவோடு ஆலாபனை மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. என்னிடம் 20 நிமிட ஆனந்தபைரவி பதிவு இருக்கிறது. நானே வாசித்தது. அனுப்பட்டுமா?

---

சல்லடை எழுதியது:

டீச்சருக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

60 பேர் சின்ன எண்ணிக்கை. அதைவிட முக்கியம், அந்த ஆய்வு ஆனந்தபைரவி கேட்டவர்களையும் எதுவும் கேட்காதவர்களையும் ஒப்பிட்டது. கல்யாணி கேட்டவர்களோடு, மோகனம் கேட்டவர்களோடு ஒப்பிடவில்லை. அதனால் "இசை உதவியது" என்று சொல்லலாம், "இந்த ராகம்தான் உதவியது" என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நோய்க்கு ஒரு ராகம் என்ற பட்டியல்கள் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

டாக்டர் சொன்ன தொகுப்புகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மாத்திரை ஆய்வில் நிஜ மாத்திரை எது, வெறும் மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் வைக்கலாம். காதில் பாட்டு ஓடுவதை யாரிடம் மறைப்பது? "உங்களுக்கு இசைச் சிகிச்சை" என்று சொன்னாலே பாதிப் பேர் நல்லபடியாக எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஆய்வாளர்களே தங்கள் சான்றின் தரம் தாழ்ந்தது என்று இந்தக் காரணத்தால்தான் குறித்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் சொந்தக் காயமும் உண்டு. என் அத்தைக்குக் கருப்பைப் புற்றுநோய் அறுவை நடந்தபோது ஒரு தனியார் மருத்துவமனை பில்லில் "இசைச் சிகிச்சை" என்று ஒரு வரி போட்டுத் தொகை வாங்கியது. அத்தைக்கு நடந்தது, வார்டு சுவரில் இருந்த ஸ்பீக்கரில் புல்லாங்குழல் ஓடியது மட்டுமே. பயத்தில் இருக்கும் குடும்பத்திடம் காசு பிடுங்குவது எளிது. அதனால்தான் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

---

மயக்கவியல்_கோவை எழுதியது:

சல்லடை சொன்ன விமர்சனம் சரி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ரத்தச் சர்க்கரையை நோயாளி கேட்காமலே அளக்கலாம். பயத்தை அவர் சொல்லித்தான் அளக்க முடியும். "எனக்கு இப்போது பரவாயில்லை" என்று அவர் சொன்னால், அவருக்குப் பரவாயில்லை. அதைத் தாண்டி நான் தேட வேண்டிய உண்மை ஒன்று உள்ளே ஒளிந்திருப்பதாக நினைக்கவில்லை.

2019-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இசையை ஒரு மருந்தோடு நேரடியாக மோதவிட்டார்கள். கை கால் மரக்க ஊசி போடுவதற்கு முன் 157 பேரில் ஒரு பாதிக்கு மிடாசோலம் என்ற பயம் போக்கும் மருந்து, மறுபாதிக்கு ஆய்வாளர்கள் தேர்ந்த மென்மையான இசை, மூன்று நிமிடம். பயம் குறைந்த அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் திருப்தி எப்படி என்று கேட்டபோது மருந்து வாங்கியவர்களே அதிகத் திருப்தி சொன்னார்கள். இசைக் குழுவுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்கப்படவில்லை. காதை மூடிய ஹெட்போனால் மருத்துவர் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை.

கிளீவ்லாந்தில் பெண்கள் தாங்களே பாட்டைச் சொன்னார்கள். இங்கே மற்றவர் சொன்னார்கள். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்தப் பாட்டு என்பதைவிட யார் தேர்ந்தெடுத்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இதை நிரூபணம் என்று சொல்லவில்லை. 20 வருட அனுபவமும் அந்தப் பக்கமே சாய்கிறது.

---

செம்மண் எழுதியது:

டாக்டர் கடைசியா சொன்னதுக்கு நான் சாட்சி.

எனக்கு வாய்ப் புத்து. கன்னத்துல. புகையிலைதான் காரணம், மறைக்க ஒண்ணுமில்ல. முதல் ஆபரேஷனுக்கு ட்ராலியில படுக்க வெச்சிருந்தாங்க. நல்ல மனசோட, பேஷண்ட் பயப்படக் கூடாதுன்னு, அந்த ரூம்ல வீணை போட்டு வெச்சிருந்தாங்க. மெதுவா, வார்த்தை இல்லாம.

எனக்கு அதைக் கேக்கக் கேக்கக் கையும் காலும் சில்லுனு ஆயிருச்சு. ஏன்னு அப்பப் புரியல. அப்புறம் வீட்ல படுத்துக் கிடந்தப்பதான் பிடிபட்டுச்சு. 84ல இந்திரா காந்தி செத்தப்ப நான் சின்னப் பையன். டீக்கடை ரேடியோவுல பாட்டு நின்னு போச்சு, வீணையும் ஷெனாயும் மட்டும் அழுதுக்கிட்டே கிடந்துச்சு. 87ல எம்.ஜி.ஆர். போனப்பவும் அதேதான். எங்கம்மா அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. எங்க ஊர்ல என் வயசு ஆளுகளுக்கு ரேடியோவுல மெதுவா வீணை கேட்டா யாரோ பெரிய ஆளு போயிட்டாருன்னு அர்த்தம். அன்னைக்கு ட்ராலியில படுத்திருந்தது நானு.

வீணை டீச்சர் தப்பா நினைக்க வேண்டாம். உங்க வாசிப்பைச் சொல்லல.

ரெண்டாவது ஆபரேஷனுக்குப் போறப்ப என் மச்சினன் போன்ல எங்க ஊர்ப் பொங்கல்ல அடிச்ச நையாண்டி மேளத்தை ஏத்திக் கொடுத்தான். தவிலும் பம்பையும் நாதஸ்வரமும். நர்ஸம்மா எட்டிப் பாத்து, "இதுவா உங்களுக்கு அமைதி"ன்னு கேட்டாங்க. ஆமா, இதுதான் அமைதி. அந்தச் சத்தத்துக்குள்ள எங்க ஊர் சனம் மொத்தமும் நிக்குது. நான் தனியா இல்ல.

இன்னொண்ணு. எனக்கு நடுவுல சிஸ்ப்ளாட்டின் கீமோ போட்டாங்க. அதுலருந்து காதுல ராத்திரி பகல் 'ங்ங்ங்'னு ஒரு இரைச்சல். கீச்சுனு வர்ற சத்தம் குத்தும். புல்லாங்குழல் ஆகவே ஆகாது. கீமோ எடுத்தவங்களுக்குப் பாட்டுப் போடுறவங்க முதல்ல காதைப் பத்திக் கேளுங்க.

---

வீணை_டீச்சர் எழுதியது:

செம்மண் ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். தப்பாக எதுவும் நினைக்கவில்லை.

38 வருடமாக வீணை சொல்லிக் கொடுக்கிறேன். நான் வாசிக்கும் அதே நாதத்துக்குள் இன்னொருவருக்கு இழவு வீடு இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மருத்துவமனைகளுக்கு இலவசமாகப் பதிவு கொடுத்து வந்திருக்கிறேன். இனி கொடுக்கும்போது, கேட்டு விருப்பம் சொன்னவர்களுக்கு மட்டும் போடுங்கள் என்று எழுதிக் கொடுப்பேன். நீலாம்பரி தூங்க வைக்கும் என்பதை நான் இன்னும் நம்புகிறேன், ஆனால் அந்த மடியில் வளர்ந்தவர்களுக்குத்தான்.

---

ஸ்காபரோ_மகள் எழுதியது:

நான் கனடாவில இருக்கிறன். அப்பாவுக்குப் போன வருசம் பெருங்குடல் புற்றுநோய் ஒப்பரேசன். இஞ்ச ஆசுப்பத்திரியில ஒரு பிள்ளை கித்தாரோட வந்தவ. மியூசிக் தெரபிஸ்ட் எண்டு சொன்னவ. எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலிசு மட்டு மட்டு.

என்ன பாட்டு விருப்பம் எண்டு கேட்டவ. அப்பா ஒண்டும் சொல்லேல்ல. விரலால கட்டில் கம்பியில தட்டிக்கொண்டு கிடந்தவர், கெதியா, பதட்டத்தோட. அவ கொஞ்ச நேரம் அதைப் பாத்திட்டு, கித்தாரின்ர மரத்தில அதே தட்டைத் தட்டத் தொடங்கினவ. அப்பா தலையைத் திருப்பிப் பாத்தவர். பிறகு அப்பாவே வாயால சொல்லிக் குடுத்தவர். அது மல்லாரி. நல்லூர்த் தேருக்கு நாதஸ்வரகாரர் வாசிக்கிறது. அவர் தேர் இழுத்த காலத்தில கேட்டது. அவ அதை அப்பிடியே பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மெதுவாக்கினவ. அப்பான்ர விரலும் மெதுவாச்சுது. கடைசியில மூச்சோட சேத்துத் தட்டினவர். தேர் இருப்பிடத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

அப்பா அதுக்குப் பிறகு ஒப்பரேசன் பேப்பரில கையெழுத்து வச்சவர். அதுவரைக்கும் மாட்டன் எண்டு நிண்ட மனுசன்.

---

மயக்கவியல்_கோவை எழுதியது:

ஸ்காபரோ மகள் விவரித்தது தற்செயல் அல்ல. இசைச் சிகிச்சையாளர்கள் இதை ஐசோ கோட்பாடு என்பார்கள். 1940களில் அல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் எழுதியது. பதற்றத்தில் இருப்பவரிடம் நேராக மெதுவான இசையைப் போட்டால் ஒட்டாது. முதலில் அவர் இருக்கும் வேகத்துக்கு இசை போக வேண்டும், பிறகு கையைப் பிடித்துக் கீழே இறக்கி வர வேண்டும். செம்மண்ணின் நையாண்டி மேளமும் ஏன் வேலை செய்தது என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கலாம்.

பதிவைப் போட்டுவிட்டுப் போவது வேறு, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது வேறு. பின்னதுதான் சரியான பொருளில் இசைச் சிகிச்சை. நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி ஒருவர் இருந்ததில்லை. சல்லடையின் அத்தைக்கு ஸ்பீக்கருக்குக் காசு வாங்கியது நியாயமே இல்லை.

---

ராத்திரி_ட்யூட்டி எழுதியது:

தங்கச்சி, இன்னும் எட்டு நாள் இருக்கு. செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

அம்மாகிட்ட "எந்தப் பாட்டு பிடிக்கும்"னு கேக்காதீங்க, வெக்கப்பட்டு "எதுவோ போடு"ன்னுடுவாங்க. "எப்ப நிம்மதியா இருந்தீங்க, அப்ப காதுல என்ன கேட்டுச்சு"ன்னு கேளுங்க. கிடைச்சதும் இன்னைக்கு ராத்திரியிலிருந்தே படுக்கும்போது போடுங்க. ப்ரீ-ஆப்ல முதல் தடவையா கேட்டா அது வெறும் பாட்டு. எட்டு ராத்திரி கேட்டுட்டு வந்தா அது அவங்க தலகாணி மாதிரி.

போன்ல இறக்கி வெச்சுக்கங்க. யூட்யூப்ல போடாதீங்க. ஓ.டி. பக்கம் சிக்னல் கிடைக்காது. கிடைச்சாலும், நல்லா கண்ணை மூடியிருக்கிறப்ப நடுவுல விளம்பரம் கத்தும், பேஷண்ட் தூக்கிவாரிப் போட்டு எழுந்ததை நானே பாத்திருக்கேன். வேற போன் இருந்தா அதுல சிம் இல்லாம கொடுங்க, ஏரோப்ளேன் மோடுல போட்டு. பின்னாடி பேர், வார்டு நம்பர் எழுதி பிளாஸ்திரி ஒட்டுங்க. வயர் வெச்ச பழைய இயர்போன்தான் நல்லது. ஒரு காதுல மட்டும். நாங்க பேர் கேக்கணும், எந்தப் பக்கம் ஆபரேஷன்னு அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும், அது காதுல விழணும். அம்மாவுக்கு இடது பக்கம் ஆபரேஷன், அதனால வென்ஃப்ளானும் பி.பி. பட்டையும் வலது கையில வரும். வயர் அதுல சிக்காம பாத்துக்கங்க.

முக்கியமா, முந்தின நாளே மயக்க டாக்டர்கிட்ட அனுமதி கேட்டு கேஸ் ஷீட்ல எழுத வெச்சுடுங்க. அன்னைக்குக் காலையில கேட்டா எங்களுக்கும் நேரம் இருக்காது, வேண்டாம்னுதான் வாய் வரும்.

---

வைகைக்கரை எழுதியது:

ராத்திரி ட்யூட்டி அக்கா, நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நானும் எங்கக்காவும் நடவுக்குப் போவோம்ல, அப்ப"ன்னாங்க. சோழவந்தான் பக்கம் வயல். பெரியம்மா முன்னாடி ஒரு அடி எடுத்துப் பாடுவாங்களாம், மத்தவங்க பின்னாடி வாங்குவாங்களாம். அம்மாவுக்கு அப்ப 13 வயசு. எனக்கு இது எதுவுமே தெரியாது. அம்மா பாடி நான் கேட்டதே இல்ல.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். முதல்ல "குரலே இல்ல தாயி"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னதும் பேச்சு நின்னுடுச்சு. மறுநாள் காலையில அண்ணன் போன்ல பதிவு பண்ணி அனுப்பிட்டார், 11 நிமிஷம். அடுப்படியில உக்காந்தே பாடியிருக்காங்க. குரல் அங்கங்க உடையுது. கோழி கேறுது. பாட்டுக்கு நடுவுல குக்கர் நாலு விசில் அடிக்குது.

சத்தமில்லாத இடத்தில இன்னொரு தடவை பாடச் சொல்லவான்னு அம்மாகிட்ட கேட்டேன். "இருக்கட்டும்டி. அக்கா வீட்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க. மூணு ராத்திரியா கேக்குறாங்க. ரெண்டு மணிக்கு எழுப்புறது ஒரு நாள் மட்டும்தான் நடந்துச்சு.

டீச்சரம்மா, உங்க ஆனந்தபைரவியை எனக்கு அனுப்புங்க. வெளியே காத்திருக்கப் போறது நான்.

---

சல்லடை எழுதியது:

காத்திருப்பவர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று இருந்தேன். அத்தை உள்ளே போன ஐந்து மணி நேரமும் மாமா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.

---

வைகைக்கரை எழுதியது:

முடிஞ்சது. நல்லபடியா முடிஞ்சது. மூணு நாளா எழுத முடியல, மன்னிச்சுக்கங்க.

மூக்குத்தியை முந்தின ராத்திரியே கழட்டிட்டோம். அப்பவும் அம்மா அழுதாங்க, நானும்தான். காலையில வார்டுல நாடி 116 இருந்துச்சு. முந்தின கேஸ் இழுத்துடுச்சு, ப்ரீ-ஆப்ல ஒரு மணி நாற்பது நிமிஷம். உள்ள இருந்த சிஸ்டர் வெளியே வந்து, "98க்கு வந்திருக்கு, பாட்டு ஓடிக்கிட்டிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரே ஆள் கணக்கை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு சல்லடை அண்ணன் சொல்லுவாங்க, எனக்கும் தெரியும். பயம் போயிடல. ட்ராலி நகரும்போது என் கையை விடவே இல்ல, விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்.

மயக்க டாக்டர் பத்து நிமிஷம் இல்ல, அஞ்சு நிமிஷம் பேசினார். "நான் தலைமாட்டிலேயே இருப்பேம்மா"ன்னார். மருந்து ஏறுற வரைக்கும் இயர்போனை எடுக்கல, அவரே அப்புறம் கழட்டினாராம்.

சாயங்காலம் முழிச்சதும் தண்ணி கேட்டாங்க. உதட்டை மட்டும் நனைச்சேன். அப்புறம் ரொம்ப மெதுவா சொன்னாங்க: "மூணாவது விசில் கேட்டுச்சுடி. நாலாவது கேக்கல."

---

ராத்திரி_ட்யூட்டி எழுதியது:

காயத்து நீர் வடியுற ட்ரெயின் குழாயில எவ்வளவு வருது? கையை அசைக்கச் சொன்னாங்களா? அந்தக் கையில ஊசி, பி.பி. எதுவும் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிக்கிட்டே இருங்க.

---

வைகைக்கரை எழுதியது:

நேத்து 80 மில்லி, இன்னைக்கு 55, அக்கா. குறைஞ்சிட்டு வருது. விரலை மடக்கி விரிக்கச் சொல்லியிருக்காங்க, மணிக்கு ஒரு தடவை செய்றாங்க. சதைப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரல. பெரியம்மா நாளைக்குக் காலையில முதல் பஸ்ல வர்றாங்க.